மோர்ட்டல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்: மூன்றோடு நிறுத்தலாமா, ஆறையும் முடிக்கணுமா?

பக்கம்77

கசாண்ட்ரா கிளேர் எழுதிய இந்த இளையோர் மாயக்கதை வரிசையில் முதல் மூன்றும் (சிட்டி ஆஃப் போன்ஸ், ஆஷஸ், கிளாஸ்) முடிந்தது. மூன்றாவதன் கடைசியில் எல்லாமே தீர்ந்த கணக்குதான். வில்லன் வாலன்டைன் ஒழிந்தான், நாயகி க்ளாரியின் அம்மா ஜோசலின் கண் விழித்தாள், ஜேஸ், க்ளாரி இருவரின் முடிச்சும் அவிழ்ந்தது, ஷேடோஹண்டர் என்ற டீமன் வேட்டைக்காரர்களின் தலைநகர் அலிகாண்டேயில் வாணவேடிக்கையும் விட்டாயிற்று. அப்புறமும் மூன்று தடிப் புத்தகம் எதற்கு?

நான்கு முதல் ஆறு வரை தேறுமா? இன்ஃபெர்னல் டிவைசஸ் என்ற லண்டன் வரிசையை எந்த இடத்தில் நுழைக்க வேண்டும்? முதல் மூன்றில், காதலிக்கும் ஜேஸும் க்ளாரியும் அண்ணன் தங்கை என்று வரும் விவகாரம் ரொம்பவே உறுத்தியது. அதிர்ச்சிக்காகச் செருகியதா, முதலிலேயே யோசித்ததா? கடைசியாக, 13 வயதுப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கலாமா?

மூன்றாவது வரை என்ன நடந்தாலும் எழுதலாம். அதற்கு மேல் கதையை உடைப்பதானால் முன்னால் ஒரு எச்சரிக்கை போடுங்கள்.

கரிசல்வாசகி

மூன்றோடு நிறுத்தினால் ஒன்றும் குறையாது. முதலில் மூன்று புத்தகமாகத் திட்டமிட்ட கதைதான் இது. 2007, 2008, 2009 என்று வருடத்துக்கு ஒன்றாக வந்தது. வரிசையின் தலைப்பு குறிக்கும் பொருள்களை எண்ணிப் பாருங்கள்: கிண்ணம், வாள், கண்ணாடி. முதல் புத்தகம் முழுக்கக் கிண்ணத்துக்கு அலைவார்கள், இரண்டாவதில் வாள் களவு போகும், மூன்றாவதில் எல்லோரும் தேடிய கண்ணாடி லின் ஏரிதான் என்று தெரியவரும். சரக்கு தீர்ந்தது. நான்காவது 2011இல் வந்தபோது தேட வேறு பொருள் இல்லை. அதனால் வில்லனைத் தேட வேண்டியதாயிற்று. ஆற்றில் விழுந்த வாலன்டைனின் மகன் செபாஸ்டியனின் உடல் கிடைக்கவில்லை என்று விட்டுவைத்த ஒரே நூலைப் பிடித்து இன்னும் மூன்று புத்தகம் நெய்திருக்கிறார்.

பலம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் ரூன் என்ற மந்திரக் குறிகளின் விதிகளைச் சொல்வேன். ஸ்டீலி என்ற கோலால் தோலில் வரைய வேண்டும். வரையும்போது சுடும். வேலை முடிந்ததும் மங்கி வெள்ளைத் தழும்பாக நிற்கும். ஷேடோஹண்டர் ரத்தம் இல்லாத ஆள்மேல் வரைந்தால் சாவு, தப்பினால் புத்தி பேதலித்த ஃபோர்சேக்கன். இதில் எதையும் பாடம் எடுக்கிற மாதிரி சொல்லாமல் சம்பவத்துக்குள் வைத்திருப்பதுதான் நேர்த்தி.

முதல் புத்தகத்தில் வீட்டுக்குள் ராவனர் என்ற டீமன் வரும் இடத்தை மறுபடி புரட்டுங்கள். க்ளாரியிடம் ஆயுதம் எதுவும் இல்லை. ஜேஸிடமிருந்து எடுத்துவந்த, டீமனைக் கண்டறியும் சென்சாரை அதன் வாய்க்குள் திணிக்கிறாள். அது சாகிறது, ஆனால் விஷம் இவளுக்கு ஏறிவிடுகிறது. ஜேஸ் அவள் கையில் ஒரு ரூனை வரைகிறான், அவள் பிழைக்கிறாள். இதைப் படிக்கும்போது வெறும் உதவியாகத்தான் தெரியும். சாதாரண மனுஷியாக இருந்திருந்தால் அந்த ரூனே அவளைக் கொன்றிருக்கும் என்பது பிறகுதான் வெளியே வரும். 90 சதவீதம் நிச்சயமாகத் தெரியும் என்று இவன் சொல்ல, மிச்சம் பத்துக்கு அவள் ஒரு அறை விடுகிறாள். அவள் பிறப்பின் ரகசியம், ரூனின் ஆபத்து, ஜேஸின் துணிச்சலில் இருக்கும் அலட்சியம் எல்லாம் ஒரே தழும்பில் அடங்கிவிட்டது. பத்துப் பக்க விளக்கம் மிச்சம்.

க்ளாரியின் நினைவை மந்திரவாதி மேக்னஸ் மறைத்துவைத்ததும் அப்படித்தான். ஒருமுறை செய்தால் ஆயுசுக்கும் நிற்கிற மந்திரம் இல்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய்ப் புதுப்பிக்க வேண்டும். அது தேய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் அவள் பாண்டமோனியம் கிளப்புக்குப் போகிறாள், மற்றவர் கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கிறாள். கதை ஏன் அந்த ராத்திரியில் தொடங்குகிறது என்பதற்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. இந்த ரக நாவல்களில் பாதிக்கு அது இருக்காது.

விதி கறாராக இருப்பதால்தான் அதை மீறும் இடம் பளிச்சென்று தெரிகிறது. க்ளாரி புது ரூன் உண்டாக்கும் சக்திக்கு எல்லை எங்கே? எத்தனை உண்டாக்கலாம், என்ன விலை கொடுக்க வேண்டும்? சொல்லவே இல்லை. ஆஷஸின் கடைசியில் வாலன்டைனின் கப்பல் சுவரில் திறக்கும் ரூனை வரைகிறாள், ஆணி ஆணியாகக் கழன்று கப்பலே பிரிந்துபோகிறது. அவளுக்கு அப்படி ஒரு வரம் உண்டு என்று ஃபேரிகளின் அரசியான சீலி ராணி முன்னாடியே கோடி காட்டியதும், பயம் போக்கும் ரூன் வந்துபோனதும் உண்மைதான். ஆனாலும் வாசகருக்குக் கணக்குப் போட வழியில்லை. அடுத்த ஆபத்திலும் ஒன்று வரைவாள், தப்பிப்பாள் என்று மனசு சொல்லிவிடும். அதே சக்தி கிளாஸில் எடுபடுகிறது, ஏனென்றால் அந்தக் கூட்டணி ரூனுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு ஷேடோஹண்டரும் ஒரு டவுன்வேர்ல்டரைத் துணைக்குச் சேர்க்க வேண்டும். வேம்பயரையும் வேர்உல்ஃபையும் வாசலில் நிற்கவைத்த கிளேவ் என்ற ஷேடோஹண்டர் ஆட்சி அமைப்பு, அவர்களுக்கு அவையில் இடம் கொடுத்தாக வேண்டும். மந்திரத்தின் விலை அரசியலாக வசூலாகிறது.

இரவுப்பேருந்து

ரூன் சரி. ஆனா இந்தத் தொடரோட உயிர் ஊர்லதான் இருக்கு, அதை விட்டுட்டீங்களே.

முதல் புத்தகத்துல நியூயார்க் சும்மா பின்னணித் திரை கிடையாது. ஷேடோஹண்டர்ஸ் தங்குற இன்ஸ்டிடியூட் மன்ஹாட்டன்ல இடிஞ்ச தேவாலயம் மாதிரி தெரியும். சைலண்ட் பிரதர்ஸ்ங்கிற ஷேடோஹண்டர் துறவிகளோட ஊருக்கு வழி ஈஸ்ட் வில்லேஜ் மார்பிள் கல்லறைத் தோட்டத்துக்குள்ள. வாலன்டைன் பதுங்குற இடம் ரூஸ்வெல்ட் தீவுல இருக்குற பழைய பெரியம்மை ஆஸ்பத்திரி. அது நிஜக் கட்டடம், 1856ல திறந்தது, இன்னைக்கும் கூரை இல்லாம நிக்குது. வேம்பயர் கூட்டம் ஸ்பானிஷ் ஹார்லம்ல டுமான்ட்ங்கிற பாழடைஞ்ச ஹோட்டல்ல. பெயர்ப்பலகைல ஒரே ஒரு எழுத்தை யாரோ மாத்தி டுமார்ட்னு ஆக்கியிருப்பாங்க, பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குச் சாவு வாடை அடிக்கும். உண்மையான உருவத்தை மறைக்கிற கிளாமர்ங்கிற ஒத்தை விதியை வெச்சு, ஊர்ல எந்த இடிஞ்ச கட்டடத்தைப் பார்த்தாலும் உள்ள என்னவோ இருக்குன்னு நினைக்க வெச்சிட்டாங்க. அர்பன் ஃபேண்டசின்னா இதுதான் வேணும்.

டுமார்ட் மொட்டை மாடில இருந்து தப்பிக்கிற இடத்தைப் பாருங்க. எலியா மாறிக் கிடக்குற க்ளாரியோட நண்பன் சைமனைத் தூக்கிட்டு, ஜேஸும் க்ளாரியும் வேம்பயர் பைக்ல பறக்குறாங்க. பைக் ஓடுறது டீமன் சக்தில. விடிஞ்சா வேலை செய்யாது. ஆத்துக்கு மேல வரும்போது வானம் வெளுக்குது. அவ்வளவுதான், படபடப்புக்கு வேற வில்லனே தேவையில்ல. விதி, ஊர், நேரம் மூணும் ஒரே பக்கத்துல மோதுது.

இப்போ மூணாவது. கதை ஷேடோஹண்டர்ஸோட சொந்த நாடான இட்ரிஸுக்குப் போயிடுது. அங்க மின்சாரம் கிடையாது, இயந்திரம் எதுவும் ஓடாது. குதிரை, கோபுரம், வாள். நல்லாத்தான் இருக்கு, ஆனா இது வேற ரகம். அங்க அவங்க கூடுற அக்கார்ட்ஸ் மண்டபத்துல நடக்குற வாக்குவாதத்தை எடுத்துட்டா, பழைய பாணி ராஜா ராணிக் கதைக்கும் இதுக்கும் தூரம் கம்மி. ஆறாவதுல ஈடம்ங்கிற டீமன் உலகத்துலயே நிறையப் பக்கம் ஓடும். வெறும் சாம்பலும் பாறையும். ஊரை விட்டு வெளிய போகும்போதெல்லாம் எழுத்து தட்டையாகுது.

அதனாலயே நாலாவதை எல்லாரும் திட்டுற அளவுக்கு நான் திட்ட மாட்டேன். சிட்டி ஆஃப் ஃபாலன் ஏஞ்சல்ஸ் திரும்ப நியூயார்க் வந்துடுது.

(நாலாவதன் கதை கொஞ்சம் உடையும்.)

வேம்பயர்னு தெரிஞ்சதும் பெத்த அம்மாவே சைமனை வீட்டுக்குள்ள விடாத பகுதி அந்த மொத்த வரிசையிலயே உருப்படியான பத்துல ஒண்ணு. யூதக் குடும்பத்துப் பையன், கடவுள் பேரைச் சொல்ல வாயெடுத்தா தொண்டை அடைக்கும். இந்த விதி ரெண்டாவதுலயே வந்தாச்சு, ஆனா அது வலிக்கிறது இங்கதான். அதே புத்தகத்துல அவன் ஒரே சமயத்துல ரெண்டு பொண்ணுங்களோட பழகுற கிளைக்கதை மட்டும் சுத்த வேஸ்ட்.

மை_கறை

அண்ணன் தங்கை கேள்விக்கு வருகிறேன்.

செருகியது இல்லை. திட்டமிட்டுத்தான் வைத்திருக்கிறார், தடயமும் விட்டிருக்கிறார். ஆஷஸின் முடிவில் ஜேஸின் தோளில் நட்சத்திர வடிவத் தழும்பைப் பார்த்ததும், அதுவரை அவனை வதைத்த, கிளேவின் விசாரணை அதிகாரியான இன்க்விசிட்டர் இமோஜன் ஹெராண்டேல் அவனைக் காக்கப் பாய்ந்து உயிரை விடுகிறாள். அந்த அம்மாள் பெயரையும் கிளாஸில் வரும் அவன் உண்மையான குடும்பப் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். கவனமாகப் படிப்பவர் ஒரு புத்தகம் முன்னாடியே கண்டுபிடிக்கலாம். (பையனுக்கு வேலண்ட், மார்கென்ஸ்டர்ன், லைட்வுட், ஹெராண்டேல் என்று நாலு குடும்பப் பெயர். ரேஷன் கார்டு இருந்தால் பெரும்பாடு.)

கோளாறு வேறு இடத்தில். இந்தச் சிக்கல் யாருடைய முடிவாலும் தீரவில்லை, தகவலால் தீர்கிறது. இரண்டு புத்தகம் முழுக்க இருவரும் தவிப்பார்கள், ஒருவரையொருவர் காயப்படுத்துவார்கள், நடுவில் சைமனையும் பலிகடா ஆக்குவார்கள். கடைசியில் ‘ரத்த உறவு இல்லை’ என்று ஒரு செய்தி வரும், எல்லாம் கழுவித் துடைத்தது போல் ஆகிவிடும். அவர்கள் செய்தது சரியா தப்பா என்ற கேள்வியே மாயமாகிவிடுகிறது. உங்களுக்கு உறுத்தியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். உறவு விஷயம் மட்டும் உறுத்தவில்லை, அதற்கு யாரும் பதில் சொல்லாமல் போவதும் சேர்ந்துதான் உறுத்துகிறது.

இதைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். காதலர் இருவரைச் சேரவிடாமல் வைக்க எழுத்தாளருக்கு ஒரு பூட்டு வேண்டும். இனி நான்கு முதல் ஆறு வரை கதை உடையும், வேண்டாதவர்கள் அடுத்த பதிலுக்குத் தாவுங்கள்.

நான்காவதில் பூட்டு: க்ளாரியைக் கொல்வது போல ஜேஸுக்குக் கனவு வருகிறது, அதனால் அவளைத் தவிர்க்கிறான். காரணத்தைச் சொல்லித் தொலைத்திருந்தால் பாதிப் புத்தகம் மிச்சம். ஐந்தாவதில் பூட்டு: ஜேஸ் செபாஸ்டியனோடு கட்டுண்டு கிடக்கிறான், ஒருவனைக் காயப்படுத்தினால் இருவருக்கும் காயம். ஆறாவதில் பூட்டு: அவன் உடம்புக்குள் தேவலோக நெருப்பு, தொட்டால் சுடும். முதலாவதையும் சேர்த்தால் நாலு பூட்டு. ஒரே கதவு.

அந்த நாலில் ஐந்தாவதன் பூட்டு மட்டும் உருப்படி. திறக்க நிஜமாகவே விலை கொடுக்கிறார்கள். சைமன் உயிரைப் பணயம் வைத்து தேவதூதன் ரசியேலை அழைக்கிறான், வாள் கிடைக்கிறது, பதிலுக்கு அவனைக் காத்துவந்த கெய்ன் முத்திரை போகிறது. அந்த வாளால் க்ளாரி ஜேஸைக் குத்த வேண்டியிருக்கிறது. கட்டு அறுகிறது, நெருப்பு அவனுக்குள் தங்கிவிடுகிறது. அந்த நெருப்பே ஆறாவதில் க்ளாரியின் வாளுக்குள் போய் செபாஸ்டியனை முடிக்கிறது. சங்கிலி அறுபடாமல் ஓடுகிறது. ஐந்தாவதான லாஸ்ட் சோல்ஸின் பிற்பாதியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

கரிசல்வாசகி

மை_கறையோடு ஒரு இடத்தில் முரண்படுகிறேன். (நான்காவதன் மையம் உடையும்.)

கிளாஸ் முடிவில் செத்த ஜேஸை ரசியேலிடம் ஒற்றை வரமாகக் கேட்டு க்ளாரி எழுப்புகிறாளே, விலையே இல்லாமல் செத்தவனைப் பிழைக்கவைத்தது மோசடி என்றுதான் அந்த இடத்தில் படும். நான்காவதைப் படித்தால் பில் வந்து சேரும். ஷேடோஹண்டர் குழந்தைக்குப் பிறந்ததும் போடும் பாதுகாப்பு, செத்து எழுந்தவனுக்கு இல்லாமல் போகிறது. அந்த ஓட்டையில்தான் டீமன் லிலித் நுழைகிறாள். கனவுப் பூட்டு அலுப்புத் தட்டுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதன் ஆணிவேர் மூன்றாவதில் இருக்கிறது. மூன்றோடு நிறுத்தினால் குறையாது என்று மேலே சொன்னேன் இல்லையா, இதை மட்டும் இழப்பீர்கள்.

ஆறாவது வேறு மாதிரிச் சிக்கல். 700 பக்கத்துக்கு மேல். லாஸ் ஏஞ்சலஸ் இன்ஸ்டிடியூட் தாக்கப்படுவதில் தொடங்கும். எம்மா, பிளாக்தார்ன் பிள்ளைகள் என்று புதுப்புது முகங்கள். 2014இல் வந்த புத்தகத்தில் இவர்களுக்கு இவ்வளவு இடம் எதற்கு என்றால், 2016இல் தொடங்கிய டார்க் ஆர்டிஃபைசஸ் வரிசையின் நாயகர்கள் இவர்கள்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்த வீட்டு நிச்சயதார்த்தத்துக்கும் சேர்த்து இலை போட்டிருக்கிறார். நம் ஆட்கள் வரும் பக்கம் குறைகிறது. அடுத்த வரிசையும் படிக்கப்போகிறவர்களுக்கு லாபம், இதோடு முடிப்பவர்களுக்குச் சுமை.

பக்கம்77

நன்றி. மை_கறை பதிலில் எச்சரிக்கைக்குக் கீழே இருந்ததைப் படிக்காமல் தாவிவிட்டேன், ஆனால் ‘நாலு பூட்டு’ மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. இன்னொன்று: நடை பற்றி யாரும் சொல்லவில்லையே? படிக்க விறுவிறுப்பாக இருந்தாலும் சில இடம் திகட்டியது. எனக்கு மட்டும்தானா?

ஒற்றைவரி

உங்களுக்கு மட்டும் இல்லை. இரண்டு காரணம்.

உவமை. முதல் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘போல’ என்று இரண்டு மூன்றாவது இருக்கும். வெளிச்சம் எதையோ போல, ஜேஸின் தலைமயிர் பொன் போல, கண்ணும் பொன் போல. ஒரு காட்சிக்கு ஒன்று என்றால் பதியும், வரிக்கு ஒன்று என்றால் எதுவும் நிற்காது. இரண்டாவது, நக்கல். ஜேஸ் நக்கலாகப் பேசுவது அவன் குணம், வலியை மூடும் போர்வை. ஆனால் இசபெல், சைமன், மேக்னஸ், சில சமயம் க்ளாரி என்று எல்லோரும் அதே தாளத்தில் பேசுகிறார்கள். பேச்சுக்கு முன்னால் இருக்கும் பெயரைக் கையால் மறைத்துவிட்டு யார் பேசியது என்று ஊகித்துப் பாருங்கள். அலெக்கும் லூக்கும் மட்டும் தனியாகத் தெரிவார்கள், அவர்களுக்கு நக்கல் வராது என்பதால். சண்டை நடுவிலும் ஜோக் அடிப்பதால் பயம் குறைகிறது.

அலெக் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆண் மேல் காதல் கொண்ட ஒரு ஷேடோஹண்டர் பையன், அதை மறைத்து மறைத்து, கடைசியில் கிளாஸில் அக்கார்ட்ஸ் மண்டபத்தில் அப்பா அம்மா உட்பட எல்லோர் கண் முன்னாலும் மேக்னஸை முத்தமிடுகிறான். 2009இல் பெரிய அளவில் விற்ற இளையோர் நாவலில் இது சாதாரண விஷயம் இல்லை. முக்கியமாக, இந்தச் சிக்கல் தகவலால் தீரவில்லை, அவன் எடுத்த முடிவால் தீர்ந்தது. நாயகன் நாயகிக்குக் கிடைக்காதது துணைப் பாத்திரத்துக்குக் கிடைத்திருக்கிறது.

நடையில் பாராட்ட ஒன்று உண்டு. முதல் புத்தகத்தின் மூன்று பகுதித் தலைப்பிலும் இறக்கம் என்ற சொல் வரும். மில்டன், வர்ஜில், வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் மூவரிடமிருந்தும் எடுத்தது. கிளப், கல்லறைத் தோட்டம், பாழடைந்த ஆஸ்பத்திரி என்று கதையும் அந்தத் திசையில்தான் இறங்குகிறது.

கரிசல்வாசகி

வரிசைக்கும் வயசுக்கும் பதில் பாக்கி.

இன்ஃபெர்னல் டிவைசஸ் 1878 லண்டனில் நடக்கிறது. மூன்றே புத்தகம்: கிளாக்வொர்க் ஏஞ்சல் (2010), பிரின்ஸ் (2011), பிரின்சஸ் (2013). கால வரிசைப்படி இதுதான் முதல் என்று சிலர் இதிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ரூன், கிளேவ் எல்லாம் ஏற்கெனவே தெரிந்துவிடும், சிட்டி ஆஃப் போன்ஸின் பாதி சுவாரசியம் போச்சு. எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு வெளியான வரிசையே பாதுகாப்பு. கிளாஸ் முடித்த நீங்கள் இப்போது கிளாக்வொர்க் ஏஞ்சல் எடுக்கலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. கிளாக்வொர்க் பிரின்சஸின் பின்னுரை 2008க்குத் தாவும். அங்கே வரும் ஒருவருக்கு என்ன ஆனது என்று ஆறாவதான சிட்டி ஆஃப் ஹெவன்லி ஃபயர்தான் விளக்கும். மாற்றிப் படித்தால் ஒரு பக்கம் உடையும்: ஆறாவதை முதலில் படித்தால் லண்டன் கதையின் முடிவு தெரிந்துவிடும், லண்டனை முதலில் முடித்தால் ஆறாவதில் ஒருவர் பிழைப்பார் என்பது தெரிந்துவிடும். இரண்டாவதே குறைந்த சேதம். லண்டன் மூன்றையும் முடித்துவிட்டு, மனம் இருந்தால் நான்காவதுக்கு வாருங்கள். நாலு பூட்டு அலுப்புக்கும் இதில் மருந்து உண்டு. முக்கோணக் காதல்தான், ஆனால் அதில் யாருமே வில்லன் இல்லை, மூவரும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். அவர் எழுதியதில் கட்டுக்கோப்பானது எது என்றால் அதைத்தான் கைகாட்டுவேன்.

13 வயசுக்கு முதல் இரண்டு புத்தகம் கொடுக்கலாம், ஆனால் சீலி ராணி சபையில் ஜேஸும் க்ளாரியும் கொடுத்துக்கொள்ளும் முத்தத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் தயாராக இருக்கட்டும். மூன்றாவதில் ஒரு சின்னப் பையன் கொல்லப்படுகிறான், அது உலுக்கும். ஐந்தாவது கண்டிப்பாக வேண்டாம், செபாஸ்டியன் க்ளாரியிடம் பலாத்காரமாக நடக்க முயலும் இடம் இருக்கிறது. 16 ஆகட்டும். பெட்டியாக ஆறையும் சேர்த்து வாங்கிப் பரிசளிப்பதைவிட, முதல் மூன்றை மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

இரவுப்பேருந்து

பரிசு வாங்குறவங்க கவனிக்க: புத்தகத்துக்குப் பதிலா 2013 படத்தைப் போட்டுக் காட்டிடலாம்னு நினைக்காதீங்க. அண்ணன் தங்கைங்கிறது பொய்னு அதுலயே முன்கூட்டி போட்டு உடைச்சிட்டாங்க, இன்ஸ்டிடியூட் ஆசான் ஹாட்ஜ் வாலன்டைனுக்கு யோசனை சொல்ற மாதிரி. அடுத்த பாகத்துக்கு ஒரு முடிச்சுகூட மிச்சம் வைக்கல, அடுத்த பாகமும் வரல. 2016 முதல் 2019 வரை வந்த ஷேடோஹண்டர்ஸ் டிவி தொடர்ல வயசைக் கூட்டி க்ளாரியை 18 ஆக்கிட்டாங்க. மேக்னஸா வர்ற ஹாரி ஷம் ஜூனியருக்காகப் பார்க்கலாம், ஆனா மூணு புத்தகத்தையும் முடிச்ச பிறகு.